மூன்று தட்டு

சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. லிபெராத்தா முயல் வெட்டிக்கொண்டிருந்தாள். பின்னங்கால்களை மூட்டோடு பிரித்தாகிவிட்டது. முதுகை நான்காகத் துண்டுபோட்டு, பூண்டு தட்டிப்போட்டு ஒயின் ஊற்றிவைத்த சட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது பெர்த்து சமையலறை வாசலில் வந்து நின்றான். அவள் தம்பி விஸ்தினோடு கூட்டாக முக்குளிப்புக் கடை நடத்துகிறவன். ரப்பர் உடையை இடுப்புவரை உரித்துத் தொங்கவிட்டிருந்தான். தரையெல்லாம் தண்ணீர். அவன் கையெல்லாம் இரத்தம்.

"அக்கா, விஸ்தின்..."

"என்னடா? மறுபடி எலும்பை முறிச்சுக்கிட்டானா?"

"செத்துட்டான்கா."

அவள் கத்தியைப் பிடித்தபடியே நின்றாள்.

"குடைவுக்குள்ள. படகு மேல ஏறிடுச்சு. இஞ்சின் விசிறி கழுத்துல பட்டுடுச்சு."

"யார் படகு?"

பெர்த்து தரையைப் பார்த்தான்.

"யார் படகுன்னு கேட்டேன்டா."

"உன் புருஷன் படகுதான்."

பக்கத்து ஊரான சான் பாஸ்க்காலில் அன்று திருவிழா. அந்த நேரம் பார்த்து ஓர் அதிர்வேட்டு வெடித்தது. சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின. பெர்த்து அந்தத் திசையைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

உள்கடலுக்கு இறங்கும் சரிவில் பாதி தூரம் ஓடிய பிறகுதான் கையில் கத்தி இருப்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவள் அதைப் போடவில்லை.

கூழாங்கல் கரையில் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. முக்குளிக்க மாட்டும் துடுப்புச் செருப்பு இன்னும் அந்தக் காலில் இருந்தது. சற்றுத் தள்ளி, படகுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அவள் கணவன் கிரெட்சு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"நான் தட்டினேன் லிபு. மூணு தட்டும் தட்டினேன். சத்தியமா தட்டினேன்."

சார்ஜென்ட் இந்த்ரி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியைப் பிடுங்கினார். இன்னொரு கையை மறந்துவிட்டார். அந்தக் கையால் அவள் விட்ட குத்தில் கிரெட்சுவின் மூக்கு உடைந்தது. அவன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. உதட்டில் வழிந்த இரத்தத்தோடு, "தட்டினேன்" என்று மறுபடியும் சொன்னான்.

அன்று முதல் ஊரில் ஒரே பேச்சுதான். தட்டினானா, இல்லையா?

உள்கடல் என்பது செங்குத்துப் பாறைக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்ட ஒரு துண்டுக் கடல். வெளிக்கடலோடு அதைச் சேர்ப்பது பாறையின் வயிற்றைத் துளைத்துச் செல்லும் அந்தக் குடைவு ஒன்றுதான். நூறு தப்படி நீளம். படகு ஒன்று போகும் அகலம். மேலே இரண்டு ஆள் உயரத்துக்குக் காற்று, கீழே பத்து ஆள் ஆழத்துக்கு இருட்டுத் தண்ணீர். மேல்தண்ணீர் படகுக்காரர்களுடையது. அடித்தண்ணீர் முக்குளிப்பவர்களுடையது. இந்தப் பங்கீடு சுமுகமாக வந்ததல்ல. துடுப்பால் மண்டை உடைந்தும், காற்றுக் குழாய்களைக் கத்தியால் அறுத்தும், ஒரு படகு கொட்டகையோடு எரிந்தும், கடைசியில் பங்குச்சாமியார் இரண்டு கூட்டத்தையும் கோயிலுக்குள் வைத்துப் பூட்டியும் வந்தது. படகு குடைவுக்குள் நுழையும்போது துடுப்பின் கட்டையால் அடிப்பலகையில் மூன்று முறை இடிக்க வேண்டும். கேட்டவுடன் கீழே இருப்பவர்கள் தரையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அன்று கோயிலுக்குள் முடிவானது இவ்வளவுதான்.

அந்த மூன்று தட்டு அவசியம். வெளிக்கடலிலிருந்து காலியாகத் திரும்புகிற படகுக்காரன் குடைவின் வாயிலேயே இஞ்சினை அணைத்துவிடுவான். அலை படகைத் தூக்கிப் பாதி வழிவரை கொண்டுவந்து விடும். அங்கே வந்ததும் கயிற்றை இழுத்து இஞ்சினைக் கிளப்புவான். பெட்ரோல் மிச்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் அது மிடுக்கு. அலையின் முதுகில் சத்தமில்லாமல் வருகிறவன் நல்ல படகோட்டி என்று பெயர். தட்டவில்லை என்றால், அடியில் இருப்பவனுக்குத் தன் தலைக்கு மேல் படகு வருவதே தெரியாது.

கிரெட்சு அன்று தூண்டில்காரர்கள் இருவரை வெளிப்பாறையில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினான். அவன் தட்டியதைப் பார்த்தவர்கள் யாருமில்லை. தட்டியிருந்தால் அது விபத்து. தட்டவில்லை என்றால் அது கொலை. ஊர் கொலை என்றே முடிவுகட்டியது. காரணம், எட்டு நாளைக்கு முன் நடந்த சண்டை.

விஸ்தின் சண்டைக்கென்றே பிறந்தவன் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. அவன் அடிவாங்கியே வளர்ந்தவன். தாய் அவனைப் பெற்ற மூன்றாம் வருடமே போய்ச் சேர்ந்தாள். அவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, ஊர்த் திருவிழாவுக்கு வேட்டு மருந்து இடித்துக்கொண்டிருந்த அப்பா, கொட்டகையோடு வானத்துக்குப் போனார். மூன்று வயல் தாண்டி, கல்சுவருக்குப் பக்கத்தில், அப்பாவின் பூட்ஸை விஸ்தின்தான் கண்டெடுத்தான். பூட்ஸுக்குள் பாதம் இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீடுவரை நடந்து வந்தான். லிபெராத்தாவுக்கு அப்போது பதினெட்டு வயது. அவன் கையிலிருந்து அதை வாங்க அவள் அவனைக் கன்னத்தில் அறைய வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவனை வளர்த்தது அவள்தான். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "ஒண்ணு இருக்கே, அதுவே போதாதா ஊரைக் கொளுத்த?" என்பாள்.

பதினாறு வயதில் தண்ணீருக்குள் போனவன் பிறகு வெளியே வரவே விரும்பவில்லை. பக்கத்துத் தீவான மால்டாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வருகிற வெளியூர்க்காரர்களைக் குடைவுக்குள் கூட்டிப்போவதுதான் அவன் தொழில். ஒரு மாசி மாதம், போகக்கூடாத நாளில் போனான். வெளியே அலை திரண்டிருந்தது. குடைவுக்குள் தண்ணீர் மூச்சு வாங்குவதுபோல உள்ளே பாய்ந்து வெளியே இழுத்தது. அவனைத் தூக்கிக் கூரையில் அடித்தது, திரும்ப இழுத்துப் பக்கச்சுவரில் அடித்தது. தோளெலும்பும் இரண்டு விலாவும் முறிந்தன. கூடப்போன ஜெர்மன்காரனின் கழுத்துப்பட்டியை மட்டும் அவன் விடவில்லை. இருவரையும் கூழாங்கல்லில் துப்பிவிட்டு அலை பின்வாங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அவன் லிபெராத்தாவிடம் சொன்னான்:

"குடைவு என்னை மென்னு பாத்துச்சுக்கா. உப்புப் பத்தலேன்னு துப்பிடுச்சு."

சிரித்தால் விலா வலிக்கும். ஆனாலும் சிரித்தான்.

அவள் ஒரு படகுக்காரனைக் கட்டிக்கொண்டபோது அவன் கல்யாணத்துக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கிரெட்சு அவனைவிடப் பத்து வயது மூத்தவன், அதிகம் பேசாதவன், பேசினால் முடித்துவிட்டுத்தான் நிறுத்துவான். முதல் இரண்டு வருடம் இருவரும் ஒருவரை ஒருவர் தொடாமல் இருக்க மேசையின் இரு கோடியில் உட்கார்ந்தார்கள். பிறகு எப்படியோ ஞாயிற்றுக்கிழமை முயல்கறிக்கு விஸ்தின் வராவிட்டால் கிரெட்சுவே வாசலில் போய் நின்று பார்க்கும்படி ஆயிற்று.

"மச்சான், நேத்து என் தலைக்கு மேல நாலு தடவ போனே. உன் படகு அடியில ஆடு மேய்க்கலாம், அவ்வளவு பாசி. சுரண்ட மாட்டியா?"

"அண்ணாந்து பாத்துக்கிட்டுக் கெடக்கிறதுதானே உன் வேலை. நீயே வந்து சுரண்டு."

"சுரண்டுறேன். அப்படியே ஒரு ஓட்டையும் போட்டுத் தரேன், காத்தோட்டமா இருக்கும்."

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்க" என்பாள் லிபெராத்தா. "இல்லேன்னா அடுத்த வாரம் முயல் வாங்க மாட்டேன். உங்கள்ல ஒருத்தனை வெட்டிருவேன்."

சண்டை வந்தது ஒரு வெளிச்சத்தால்.

குடைவின் நடுவில், கூரையில் ஒரு வெடிப்பு உண்டு. பதினொரு மணி சுமாருக்கு வெயில் அதன் வழியாக இறங்கித் தண்ணீருக்குள் ஒரு பாளம் போல நிற்கும். கீழிருந்து மெல்ல மேலே எழுந்து அந்த வெளிச்சத்துக்குள் தலையை நுழைப்பது விஸ்தின் தன் விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் பரிசு. அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதவர்கள் உண்டு. ஆனால் படகுக்காரர்கள் இஞ்சினைக் கிளப்புவதும் அதே இடத்தில்தான். கயிற்றைத் தேட வெளிச்சம் வேண்டுமே.

எட்டு நாளைக்கு முந்திய வெள்ளிக்கிழமை கிரெட்சுவின் படகு நிறையப் பயணிகள். வெடிப்புக்கு நேர்கீழே விஸ்தினும் மூன்று பேரும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கிரெட்சு சுக்கானை ஒடித்துத் திருப்பியதில் படகு பாறையில் உரசி, ஒரு கிழவியின் கை நசுங்கியது. கரைக்கு வந்ததும் கிரெட்சு விஸ்தினின் ரப்பர் உடையைக் கழுத்தோடு பிடித்தான்.

"அது என் தண்ணிடா. மேல வராதேன்னு எத்தனை தடவ சொல்றது?"

"வெளிச்சத்தையும் பங்கு போட்டுட்டியா மச்சான்? உங்கப்பன் வீட்டு வெயிலா?"

"அந்தக் கிழவி கையைப் பாருடா!"

"நீ ஒழுங்கா ஓட்டினா கை ஏன் நசுங்குது? கழுதை வண்டிக்காரன் கையில படகைக் குடுத்தா இப்படித்தான்."

யார் முதலில் அடித்தது என்பதில் ஊருக்கு இரண்டு கருத்து. தண்ணீருக்குள் இறங்கக் கட்டிக்கொள்ளும், ஈயக்கட்டிகள் கோத்த இடுப்புப்பட்டியை விஸ்தின் சுழற்றினான். அது கிரெட்சுவின் தோளைக் கிழித்தது. கிரெட்சு அவனைக் கூழாங்கல்லில் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, இரண்டு பல் விழும்வரை குத்தினான். பெர்த்துவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. பிரித்தபோது கிரெட்சு மூச்சு வாங்கியபடி, முப்பது பேர் கேட்கச் சொன்னான்:

"இன்னொரு தடவ அங்க தலையைத் தூக்கினே, தட்டவும் மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன். மேல ஏத்திக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

அந்த ஞாயிறு விஸ்தின் வரவில்லை. கிரெட்சுவும் வாசலுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று லிபெராத்தா சனிக்கிழமையே பெரிய முயலாகப் பார்த்து வாங்கியிருந்தாள்.

நல்லடக்கத்தன்று கிரெட்சு கோயிலுக்கு வந்தான். வரவேண்டாம் என்று சார்ஜென்ட் சொல்லியும் வந்தான். பூசை முடிந்து வெளியே வந்தபோது முற்றத்தில் அவனை வளைத்துக்கொண்டார்கள். அவன் கையை உயர்த்தவில்லை. ஒருவன் அவன் முழங்காலுக்குப் பின்னால் உதைத்து விழவைத்தான். பெர்த்து அவன் வலது கையைக் கல்தரையில் விரித்துவைத்து மிதித்துக்கொண்டான்.

"எந்தக் கையால தட்டினே? இதாலயா? சொல்லுடா, இதாலதான் தட்டினியா?"

"ஆமா" என்றான் கிரெட்சு.

பெர்த்து குதிகாலை ஓங்கி இறக்கினான். விரல்கள் முறிந்த சத்தம் படிக்கட்டில் நின்ற லிபெராத்தாவுக்குக் கேட்டது. இன்னொரு முறையும் கேட்டது. சார்ஜென்ட் இந்த்ரி ஓடிவரும்வரை அவள் அசையவில்லை. நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். அது அவளுக்குத் தெரியும். அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

போலீஸார் படகை இழுத்துக்கொண்டு போனார்கள். ரபாத் நகரத்து நீதிபதி விசாரணை தொடங்கினார். அதுவரை கிரெட்சு வீட்டில்தான் இருந்தான், கையில் மாவுக்கட்டோடு, பின்கட்டில் பாய் போட்டு. சன்னல்களில் கல் விழுந்தது. கதவில் யாரோ மீன்குடலைப் பூசிவிட்டுப் போனார்கள். லிபெராத்தா தினமும் காலையில் காப்பிக் கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"தட்டினியா?"

"தட்டினேன்."

ஒன்பது காலை இப்படிப் போயிற்று. நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. பதினைந்து வருடத்தில் அவன் அவளிடம் பொய் சொன்னதில்லை. ஆனால் சொன்னதைச் செய்யாமல் விட்டதும் இல்லை. மேல ஏத்திக்கிட்டுப் போவேன் என்று அவன் சொன்னதையும் அவளுக்கு முப்பது பேர் வந்து சொல்லியிருந்தார்கள். போலீஸார் எடுத்துக்கொள்ளாமல் விட்ட அந்தத் துடுப்பைக் கொட்டகையிலிருந்து எடுத்துவந்து அதன் கட்டையைத் தடவிப் பார்த்தாள். ஆயிரம் தழும்பு இருந்தது. எது சனிக்கிழமைத் தழும்பு என்று எப்படிச் சொல்வது?

பத்தாம் நாள் மெரெட்டா வந்தாள். அன்று குடைவுக்குள் விஸ்தினோடு போனவள் அவள் ஒருத்திதான். டென்மார்க்கில் பள்ளிக்கூடத்து மரவேலை ஆசிரியை. தலையின் ஒரு பக்கம் மழித்துத் தையல் போட்டிருந்தது. மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறாள். போவதற்கு முன் பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்.

"உங்க தம்பி என்னை ரெண்டு கையாலயும் கீழ அமுக்கினார். அதனாலதான் நான் இருக்கேன். அதைச் சொல்லணும்னு தோணுச்சு."

"உட்காரு. என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லு."

மெரெட்டா சொன்னாள். கூழாங்கல்லில் இறங்கியது, வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் சுருங்கியது, அடியில் உருண்டைப் பாறைகள், விஸ்தினின் விளக்கு முன்னால் போனது. நடுவில் நின்றார்கள். அவன் மேலே காட்டினான். வெயில் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்தார்கள். அவள் தலை வெளிச்சத்துக்குள் போனது. அதே நொடி ஒரு கறுப்புச் சுவர் வெளிச்சத்தை மறைத்தது. விஸ்தின் அவள் தோள்மேல் தாவி அவளைத் தண்ணீருக்குள் அழுத்தினான். படகின் அடி அவன் முதுகுச் சிலிண்டரில் மோதி அவனைக் குப்புறப் புரட்டியது. பிறகுதான் இஞ்சின் அலறியது. அவள் தலையில் ஏதோ சுட்டது. தண்ணீர் சிவப்பாகவில்லை என்றாள் மெரெட்டா, ஆழத்துக்குப் போகப்போக இரத்தம் பச்சையாகத் தெரிந்தது. பச்சைப் புகைக்குள் அவன் கைகால்கள் உதறிக்கொண்டே கீழே இறங்கின. அவள் பின்னால் போய்ப் பிடித்தாள். வாய்க்குழாயைத் திரும்ப அவன் வாயில் திணிக்கப் பார்த்தாள். காற்று கழுத்தின் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

லிபெராத்தா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் கேட்டுச்சா? மூணு இடி?"

"போலீஸும் அதைத்தான் கேட்டாங்க. எனக்குத் தெரியல. காலைலேர்ந்து உங்க ஊர்ல வெடிச்சுக்கிட்டே இருந்தாங்க. தண்ணிக்குள்ள சத்தத்துக்குத் திசையே கிடையாது, எல்லாம் நெஞ்சுக்குள்ளதான் இடிக்குது. கேட்டிருக்கலாம். எண்ணல."

"அது எங்க ஊர் இல்ல. பக்கத்து ஊர்."

"மன்னிச்சுக்குங்க." மெரெட்டா தயங்கினாள். "அவருக்கு அன்னிக்குக் காது சரியில்லையோ என்னவோ. மேல போறதுக்கு முன்னாடி சைகை காட்டினார். மூணு விரல், அப்புறம் மூக்கைப் பிடிச்சார். மூணு மீட்டர்ல காதடைப்பை எடுக்கச் சொல்றார்னு போலீஸ்காரங்களோட நிபுணர் எழுதிக்கிட்டார்."

"எப்படிக் காட்டினான்?"

மெரெட்டா மூன்று விரலை உயர்த்தினாள்.

"அப்படியே மூணையும் சேர்த்தா?"

"இல்ல, இல்ல. ஒவ்வொண்ணா." முதலில் சுட்டுவிரல். கொஞ்சம் பொறுத்து நடுவிரல். கொஞ்சம் பொறுத்து மோதிரவிரல். நான்காவதற்குக் காத்திருப்பதுபோல் கை அப்படியே நின்றது. பிறகு மூக்கைப் பிடித்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். "அப்புறம் சிரிச்சார். வாய்க்குழாய்லேர்ந்து அவ்வளவு குமிழி வந்துச்சு. அப்புறம் கட்டைவிரலைக் காட்டினார், மேல போவோம்னு."

லிபெராத்தா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

சான் பாஸ்க்கால் திருவிழா வந்தால் அவள் ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாம் மொட்டைமாடியில் ஏறிவிடுவார்கள். அந்த ஊர் வேட்டுகளை விரல்விட்டு எண்ணுவார்கள். ஒரு சரம் என்றால் குறைந்தது ஆறு வெடிக்க வேண்டும். மூன்றோடு நாலோடு நின்றுவிட்டால் மருந்து நமத்துவிட்டது என்று அர்த்தம். உடனே எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, நாறுது நாறுது என்று தலையை ஆட்டுவார்கள். அப்பா செய்தார். விஸ்தின் நாலு வயதிலிருந்து செய்தான். அந்தச் சைகை டென்மார்க்காரிக்கும் தெரியாது, தலைநகரத்திலிருந்து வந்த நிபுணருக்கும் தெரியாது.

அன்று மாலையே அவள் துக்க உடையோடு சான் பாஸ்க்காலுக்கு நடந்துபோனாள். அந்த ஊர் வேட்டுக்கொட்டகைக்குப் பொறுப்பானவர் சால்வு. அவளை வாசலில் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"தம்பி விஷயம் கேள்விப்பட்டேம்மா. உங்கப்பாவையும் எனக்குத் தெரியும். ஊர் வேற, மருந்து ஒண்ணுதானே."

"மாமா, சனிக்கிழமை பத்தே முக்காலுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல மூணோட நின்ன சரம் ஏதாவது வெடிச்சீங்களா?"

சால்வுவின் முகம் சிவந்தது. "மூணோட நிக்கிறதா? எங்க ஊர்லயா? அதெல்லாம் உங்க ஊர்லம்மா. துக்க வீட்டுக்காரின்னு பாக்கறேன், இல்லேன்னா..." உள்ளே போய் அட்டையில் எழுதிய வரிசையை எடுத்துவந்தார். "பாரு. பத்தரைலேர்ந்து பதினொண்ணே காலு வரைக்கும் ஆயர் பிரசங்கம். ஒரு பொட்டுவெடிகூடக் கிடையாது. பிரசங்கத்துல வெடிச்சா என்னைக் கோயில்லயே சேர்க்க மாட்டாங்க."

விஸ்தினின் மணிக்கட்டில் இருந்த முக்குளிப்புக் கருவியில் அவன் மேலே எழுந்த நேரம் பதிவாகியிருந்தது. பத்து ஐம்பத்திரண்டு.

அவள் சொல்லப்போகிறாள் என்று பெர்த்துவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. விசாரணைக்கு முந்தின நாள் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தான்.

"அக்கா, நீ வாயைத் திறந்தா என்ன ஆகும் தெரியுமா? படகுத் தட்டை எதிரூர் வேட்டுன்னு நெனச்சு, கேலி பண்ணிக்கிட்டே போய்ச் செத்தான்னு தீவு முழுக்கச் சிரிக்கும். இருபத்தஞ்சு வருஷம் அந்தக் குடைவுல கெடந்தவன்கா அவன்! அவனுக்குத் தட்டு எது வேட்டு எதுன்னு தெரியாதா?"

"தெரியும். அன்னிக்குத் தெரியல."

"உன் புருஷனைக் காப்பாத்த அவனைக் கோமாளி ஆக்குறே."

"சிரிக்கட்டும்டா. அவனும் சிரிச்சுக்கிட்டுத்தான் மேல வந்தான்."

பெர்த்து மேசைமேல் இருந்த தட்டுகளை ஒரே கைவீச்சில் தரையில் தள்ளினான். பிறகு அந்தச் சில்லுகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து அழுதான். அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. விளக்குமாற்றை எடுத்துவந்து அவனைச் சுற்றிப் பெருக்கினாள்.

நீதிமன்றத்தில் அவள் அதைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. ஒரு விரல். இரண்டு. மூன்று. காத்திருப்பு. மூக்கு. தலையாட்டல். சான் பாஸ்க்காலிலிருந்து வந்திருந்த எவனோ பின்வரிசையில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். பெர்த்து திரும்பினான். நடைவழியில் நாற்காலி பறந்தது, இரண்டு ஊரும் சட்டையைக் கிழித்துக்கொண்டன, சிரித்தவனின் தாடை விலகியது. நீதிபதி சுத்தியலைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த அமளிக்குள் லிபெராத்தா மூக்கைப் பிடித்த கையை இறக்காமல் நின்றாள். கடைசியில் நீதிமன்ற எழுத்தர் ஒருவர், இறக்கிக்கொள்ளலாம் அம்மா என்று சொன்னார்.

மூன்று தட்டும் தட்டப்பட்டது என்று பதிவாயிற்று. கொலைக் குற்றம் இல்லை என்று ஆயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் அவள்தான் காரை ஓட்டினாள். கிரெட்சு மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தட்டினேன்னு சொன்னேன்ல" என்றான்.

"சொன்னே."

கொஞ்ச தூரம் போன பிறகு அவள் கேட்டாள்: "கயித்தை இழுக்கிறதுக்கு முன்னாடி எட்டிப் பாத்தியா?"

அவள் ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தாள்.

"வெடிப்புக்கிட்ட வெளிச்சம் இருக்குல்ல. கீழ ஆள் இருந்தா தெரியும்ல. பாத்தியா?"

"எப்பவும் பாப்பேன்."

"அன்னிக்கு?"

"பாக்கல லிபு." அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "அடிப்பலகையில ஏதோ மோதிச்சு. பாறைன்னு நெனச்சேன்னு போலீஸ்ல சொன்னேன். நெனச்சது வேற. தட்டியாச்சு, இருந்தா அவனே ஒதுங்கட்டும், ஒதுங்கலேன்னா ஒரு பயம் காட்டினா புத்தி வரும்னு நெனச்சேன். இழுத்துட்டேன்."

அவள் அவனை அடிக்கவில்லை. மறுபடி காரைக் கிளப்பி வீட்டுக்கு வந்தாள். அவன் சட்டை துணிமணிகளை ஒரு பையில் போட்டுக் கொட்டகைச் சாவியோடு வாசல்படியில் வைத்தாள். அவன் அதை எடுத்துக்கொண்டு போனான். நீதிபதியிடம் இதைப் போய்ச் சொல்வதா என்று அவள் மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள் அவனே சார்ஜென்ட் இந்த்ரியிடம் போய்ச் சொன்னான். சார்ஜென்ட் எழுதிக்கொண்டார். அந்தக் காகிதம் இப்போது ரபாத்தில் இருக்கிறது, யாரும் இன்னும் கூப்பிடவில்லை.

படகைப் போலீஸார் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொட்டகை முன்னால் கூழாங்கல்லில் சாய்ந்து கிடக்கிறது. திரும்பி வந்த அன்றைக்கே கிரெட்சு இஞ்சினின் விசிறியைக் கழற்ற உட்கார்ந்தான். ஒரு கை வேலை. நட்டைப் பூட்டியிருந்த காட்டர் பின்னை இழுத்து எடுத்துவிட்டான். நட்டு உப்பில் இறுகியிருந்தது. விசிறி சுற்றாமல் யாராவது பிடித்துக்கொண்டால்தான் முழுதாகத் திருக வரும். சரிவின் மேலே லிபெராத்தா நின்றுகொண்டிருந்தாள். அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அவள் இறங்கி வரவில்லை. நட்டு அரைச்சுற்று மட்டும் திரும்பியிருக்கிறது, ஸ்பேனர் இன்னும் அதில்தான் மாட்டியிருக்கிறது.